புளியமரம் திரைச்சீலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நவீனத்துவ நாவல்களைப் பற்றி வெளியான கட்டுரையில், நவீனத்துவ எழுத்தாளர்களுக்கு மனித மனமே உலகம், இயற்கை வெறும் திரைச்சீலை என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் இதழை மூடி வைத்தவன், மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். படிக்காமலே விட்டிருக்கலாம்.

அந்த வரிக்குச் சான்றாகக் கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட நாவல் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' என்பதுதான் வேடிக்கை. சுற்றியிருந்த குளத்தைத் தூர்த்ததால் நாற்சந்திக்கு வந்து சேர்ந்த மரம், காற்றாடி மரத்தோப்பை அழித்துவிட்டுப் பூங்கா போடும் நகராட்சி, வியாபாரப் பகையிலும் தேர்தல் அரசியலிலும் சிக்கி நஞ்சேறிப் பட்டுப்போகும் புளியமரம் ஆகிய இவையெல்லாம் திரைச்சீலை என்றால், மேடையில் நடித்தது யார் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' பற்றி ஒரு சொல்கூட இல்லை. கரும்பாலைக்காக ஒரு வனத்தை வெட்டியும் எரித்தும் அழிப்பதுதான் அந்த நாவலின் கதை என்பது தாங்கள் அறியாததல்ல. எல்லாம் கருகிய பிறகு, வந்து சேர்ந்த புளி நன்றாயில்லை என்று ஒரு மூதாட்டி குறைபடுவதில் அது முடிகிறது. காடு போனதற்கு அங்கே யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. குழம்புக்கு நல்ல புளி இல்லை, அவ்வளவுதான். அந்த அடக்கத்தைத்தான் கட்டுரையாளர் அக்கறையின்மை என்று படித்துவிட்டார் போலும்.

எனக்கு இது வெறும் இலக்கியச் சர்ச்சை அல்ல. என் தகப்பனார் நெடுஞ்சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலத்தில் எடுத்து வந்தவர். அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து, எண் எழுதிய மரங்கள். எந்த எண்ணுள்ள மரம் எந்த ஆண்டு ஏமாற்றும் என்பது அவருக்கு மனப்பாடம். சாலையை அகலப்படுத்தியபோது அத்தனையும் சாய்ந்தன. ஓர் அடிமரத்தைக் கறிக்கடைக்காரர் ஒருவர் வெட்டுக்கட்டைக்கென்று கேட்டு வாங்கிப் போனார். அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் புளியை விலைக்கு வாங்கினோம். என் தாயார் அதைக் கரைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் இன்னோர் உருண்டையைக் கிள்ளிப் போட்டார். பல ஆண்டுகள் கழித்துச் 'சாயாவன'த்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாக இல்லை.

வெளிநாட்டுப் பெயர் இல்லாவிட்டால் தங்கள் இதழில் எதுவும் செல்லாது என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மனத்தில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதும் நனவோடை உத்திக்குக் கட்டுரையாளர் உதாரணம் காட்டும் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், 1927-ல் வெளியிட்ட 'டு த லைட்ஹவுஸ்' நாவலின் நடுப்பகுதியில் ஆளில்லாத ஒரு வீட்டைப் பத்து ஆண்டுகள் காற்றிடமும் ஈரத்திடமும் களைகளிடமும் விட்டுவிடுகிறார். கதையின் முக்கிய மனிதர்கள் இறப்பது அங்கே அடைப்புக்குறிக்குள் வரும் ஓரிரு வரிச் செய்தி. திரைச்சீலை எது என்பதை அந்தப் பகுதியைப் படித்தவர்கள் முடிவு செய்யட்டும்.

தங்கள் இதழுக்கு இயற்கை என்றால் எப்போதும் உதகைதான். முன்பு வந்த சூழலியல் சிறப்பிதழின் அட்டையில் தேயிலைத் தோட்டத்தைப் போட்டிருந்தீர்கள். மலையின் சோலைக்காட்டை அழித்து வைத்த தோட்டம் அது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் வெண்ணுரை பொங்கி வருவதற்கு அவ்விதழில் ஒரு வரி கிடைக்கவில்லை. அதைக் குறிப்பிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். 'சிறப்பிதழ் அருமை' என்ற என் முதல் வாக்கியத்தை மட்டும் பிரசுரித்துப் பெருமைப்படுத்தினீர்கள், நன்றி.

இம்முறை நான் கேட்பது சிறிது. 'ஒரு புளியமரத்தின் கதை' வெளிவந்த ஆண்டு 1981 என்று கட்டுரையில் அச்சாகியுள்ளது. அது சுந்தர ராமசாமியின் இன்னொரு நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்த ஆண்டு, புளியமரம் வந்தது 1966-ல். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.