விதைக்கு முன்னால் கொடுக்கிற பணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியும் பச்சை மொச்சை வரத்து குறையவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் காய், நல்ல திரட்சி. உன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்கிறாள். நீ சின்ன வயசில் பிதுக்கிவிட்டுத் தோலை என் சட்டைப் பையில் போடுவாயே, அதைச் சொல்லிக்கொண்டே உரிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு விஷயம் சொன்னாய். அமெரிக்காவில் விதைப்புக்கு முன்பே பணம் கட்டி அந்தப் பண்ணையில் எடுத்திருந்த காய்கறிப் பங்கை இந்த வருஷம் எடுக்கப்போவதில்லை, வாராவாரம் பெட்டியில் வருவதில் பாதி அழுகிக் குப்பைக்குத்தான் போனது, கடையில் வேண்டியதை வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம் என்றாய். அதற்குள் பேரன் அழ, பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அது மனசிலேயே கிடக்கிறது. போனில் சொன்னால் ‘சரிப்பா, பார்க்கிறேன்’ என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் காய்கறிக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினவன். முதலில் நம் மதுரை வடக்கு ஆவணி மூல வீதிப் பக்கம் இருந்த பழைய மார்க்கெட்டில், பிறகு மாட்டுத்தாவணியில். அது உனக்குத் தெரியும். அங்கே என்ன எழுதினேன் என்று உன்னிடம் சொன்னதில்லை.

விதை போடும் முன் விவசாயிக்குப் பணம் வேண்டும். விதை, உழவு, உரம், களையெடுப்புக் கூலி எல்லாம் முதலில் வருகிற செலவு. காய் விற்ற காசு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளிக்கு மண்டியில் முன்பணம் கொடுப்போம். வட்டி கிடையாது என்றுதான் பேச்சு. ஆனால் விளைந்த காயை வேறு மண்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் மண்டிக்கே வர வேண்டும், நாங்கள் சொல்கிற விலைக்கு. நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக்கூலி, கோயில் தர்மத்துக்கென்று மகமை, மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு, அப்புறம் முன்பணத்தில் ஒரு பங்கு. எல்லாம் கழித்து மிச்சத்தைச் சிட்டையில் எழுதிக் கையில் கொடுப்பது என் வேலை.

ஒரு வருஷம் தக்காளி எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் காய்த்துக் கொட்டியது. கிலோ ஒரு ரூபாய்க்கும் கீழே போனது. வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் நாற்பது பெட்டி கொண்டுவந்தார். வண்டி வாடகையை மண்டியில்தான் கொடுத்திருந்தோம். எல்லாம் கழித்துப் பார்த்தால் அவர் எங்களுக்கு அறுபத்தெட்டு ரூபாய் தர வேண்டும் என்று கணக்கு நின்றது. இரண்டு தடவை கூட்டினேன். அதேதான். அவர் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “அய்யா, காயும் குடுத்துக் காசும் நான்தான் குடுக்கணுமா?” என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

1999 நவம்பர் 14ஆம் தேதி அண்ணா நகரில் உழவர் சந்தை திறந்தார்கள். தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை அதுதான். மண்டியில் எல்லோருக்கும் கொஞ்சம் கலக்கம். நான் ஒரு நாள் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். எங்கள் மண்டிக்கு வெண்டைக்காய் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அடையாள அட்டையோடு தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைய விலை பலகையில் எழுதியிருந்தது. மண்டி விலையைவிடக் கூடுதல், வெளிக்கடை விலையைவிடக் குறைவு. கமிஷன் இல்லை, கழிவு இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மண்டியில் அப்படித்தான் பழக்கம். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்திருக்காமல் சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அன்றிலிருந்து நம் வீட்டுக் காய் அங்கேதான்.

ஆனால் உழவர் சந்தையிலும் விதைக்கு முன்னால் பணம் வராது. மழை அடித்துக்கொண்டு போனால் நஷ்டமும் அந்த வீட்டோடுதான். அந்த இரண்டையும் உங்கள் ஊர்ப் பங்கு முறை தொடுகிறது என்று நீ விளக்கிச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. நீ போன மார்ச்சில் பனி உருகும் முன்பே பணம் கட்டினாய். பெட்டி ஜூனில்தான் வந்தது. நடுவில் அந்தப் பணத்தில்தான் பண்ணைக்காரர் விதை வாங்கினார், நாற்று விட்டார், ஆளுக்குக் கூலி கொடுத்தார். யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல் செய்தார். மண்டி கொடுத்ததும் முன்பணம்தான், நீ கொடுத்ததும் முன்பணம்தான். மண்டியின் முன்பணத்தில் எவ்வளவு பேர் கழுத்து இறுகியது என்பதை வருஷக்கணக்காகப் பேரேட்டில் பார்த்தவன் சொல்கிறேன், இது வேறு சமாச்சாரம்.

நீ சொன்ன பிறகு நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இது தொடங்கியதே நீ இருக்கும் மாசசூசெட்ஸில்தான், 1986இல், இந்தியன் லைன் என்ற பண்ணையில். அதே வருஷம் பக்கத்து மாநிலம் நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் என்ற பண்ணையிலும் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1970களிலேயே ஜப்பானில், மருந்தடித்த காய்க்குப் பயந்த வீட்டுப் பெண்கள் விவசாயிகளோடு நேரடியாகப் பேசி இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ‘டெய்கெய்’ என்று பேர். கைகோத்துக்கொள்வது மாதிரி ஓர் அர்த்தம்.

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. உனக்கு இதுவரை சொல்லாத சேதி இது. போன ஆடியில் நம் கோ.புதூர்த் தெருவிலும் அக்கம்பக்கத்திலுமாகப் பதினாலு வீடு சேர்ந்தோம். திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடிப் பக்கம் ஒருவர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். கிணறு உண்டு. வீட்டுக்கு மூவாயிரம் ரூபாய், பத்து வாரத்துக்கு, முன்கூட்டியே கொடுத்தோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, அந்த ஆடியில் விதைக்கிறவன் கையில் பணம் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. புரட்டாசி முதல் சனிக்கிழமை லோடு ஆட்டோவில் முதல் பை வந்தது. அரைக்கீரை, வெண்டை, கொத்தவரை, பச்சை மிளகாய். வெண்டைக்காய் ஒன்றைக் காம்போடு ஒடித்துப் பார்த்துவிட்டு உன் அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஆறு வாரம் நன்றாகப் போனது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் தண்ணீரை விடாது, உனக்குத் தெரியுமே. நின்ற தண்ணீரில் வேர் அழுகி வெண்டை சாய்ந்தது. கத்திரி பூவை உதிர்த்துவிட்டது. அந்த வாரம் பையில் மிளகாயும் ஒரு கட்டுக் கருவேப்பிலையும்தான். எங்களில் ஒருவர் மீதிப் பணத்தைக் கேட்டார். விவசாயியும் மறுப்புச் சொல்லாமல் தருகிறேன் என்றார். ஆனால் எங்கிருந்து தருவார்? அது எப்போதோ விதையாகவும் கூலியாகவும் போய்விட்டது. நஷ்டம் மொத்தத்தையும் ஒரே ஆள் பேரில் எழுதி எழுதி எனக்குச் சலித்துவிட்டது, பாப்பா. மற்ற வீடுகளோடு பேசினேன். நாலு வாரத்துக்கு 1,200 ரூபாய். பதின்மூன்று பேரும் ஆளுக்கு நூறு போட்டு அவருக்குக் கொடுத்தோம். மிஞ்சின நூறு அடுத்த சனிக்கிழமை ஆட்டோ வாடகைக்கு ஆயிற்று.

அதற்கடுத்த வாரம் பையைத் திறந்தால் அதலைக்காய்! அந்த வீட்டம்மா வரப்பிலும் தரிசிலும் தானாகப் படர்ந்த கொடியில் பறித்து, பண்ணைக்கீரையும் பிடுங்கிச் சேர்த்து அனுப்பியிருந்தார். விதைத்தது போனாலும் மழை கொடுத்ததை எங்களுக்குப் பங்கு வைத்தார். சின்ன வயசுக்காரர்களுக்கு அதலைக்காய் என்றால் என்னவென்றே தெரியவில்லை. குட்டிப் பாகற்காயா என்று கேட்டார்கள். ஒரு நாள் வைத்தால் வெடித்துவிடும், இன்றைக்கே சமைத்தாக வேண்டும் என்று உன் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு முனையையும் கிள்ளி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கிப் புளிக்குழம்பு. அன்று சாயங்காலம் எங்கள் தெரு முழுக்க ஒரே வாசனை. பத்து வருஷமாவது இருக்கும் நான் அதைச் சாப்பிட்டு. கடையில் கேட்டால் கிடைக்குமா? என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போகிறவன் பையில் அது வராது.

உன் அப்பத்தா இருந்தவரை நம் வீட்டில் என்ன சமையல் என்று மாதம்தான் சொல்லும். தையில் மொச்சையும் அவரையும். சித்திரையில் முருங்கையும் மாங்காயும் போட்ட குழம்பு, தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய். ஆனியில் பலாக்கொட்டை. ஒரு காய் வரத்து ஓய்ந்தால் வத்தலை எடுப்பாள். மறுபடி அந்தக் காய் வரும்வரை நாங்கள் கேட்கவும் மாட்டோம். வந்ததும் முதல் நாள் சாப்பாடு கூட ஒரு கரண்டி இறங்கும். நீ அங்கே போய் வருஷம் முழுக்க ஒரே தக்காளியைத் தின்றுகொண்டிருந்தாய். போன ஆகஸ்டில் அந்தப் பெட்டித் தக்காளியைக் கடித்துவிட்டு, “அப்பா, நம்மூர் நாட்டுத் தக்காளி மாதிரி புளிக்குது” என்று போன் செய்தாய். அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

சரி, அழுகுகிற கீரைக்கு வருகிறேன். இதெல்லாம் உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது. பெட்டி வந்த அன்றே பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப் எல்லாவற்றிலும் தழையை நறுக்கிப் பிரித்துவிடு. தழை இருந்தால் கிழங்கின் ஈரத்தை இழுத்து வாட வைத்துவிடும். தழையையும் கீரையையும் முதல் இரண்டு நாளில் தீர்த்துவிடு, பீன்ஸும் வெள்ளரியும் அடுத்து, கிழங்கு கடைசி. நீ கோல்ராபி, கோல்ராபி என்று பயந்தாயே, அது நம் நூல்கோல்தான். நீ காலேஜ் போகும்போது டப்பாவில் வைத்துக் கொடுத்த அதே கூட்டு. பீட்ரூட் தழை தண்டுக்கீரைக்குச் சொந்தம், அப்படியே பொரியல் பண்ணு. கேல் தடிப்பான கீரை. நடு நரம்பை உருவி எடுத்துவிட்டுப் பொடியாக அரிந்து பாசிப்பருப்போடு வேகவிடு, முருங்கைக்கீரைக்குச் செய்கிற மாதிரி. ஜூனில் வருகிற பூண்டுத்தண்டை வதக்கித் தேங்காயோடு துவையல் அரைத்துப் பார். சுக்கினியைச் சுரைக்காய் என்று நினைத்துக்கொள், வேலை முடிந்தது. அக்டோபரில் பனி விழும் முன் பறித்துப் போடுகிற பச்சைத் தக்காளியைத் தூக்கிப் போட்டேன் என்றாயே, அதில் அம்மாவுக்குக் கோபம். பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்பார்.

அப்படியும் மிஞ்சினால், நம் மாதிரி வெயிலில் வத்தல் போட உனக்கு வழியில்லை. கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிழிந்து, உருண்டை பிடித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள். இந்தப் பனிக்காலத்தில் அதை எடுத்துச் சாம்பாரில் போட்டிருக்கலாம்.

மூன்று பேருக்கு முழுப் பெட்டி அதிகம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். பாதிப் பங்கு இருக்கிறதா என்று கேள். இல்லாவிட்டால் உன் மாடியில் குடியிருக்கும் அந்தக் குஜராத்திப் பெண்ணைக் கூட்டுச் சேர்த்துக்கொள். அவர்களுக்கும் கீரை சமைக்கத் தெரியும். எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. இப்போது அங்கே தரையெல்லாம் பனியாகக் கிடக்கும்போது அந்த மனிதர் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் விதைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

நாங்கள் கள்ளிக்குடிக்காரருக்கு அடுத்த பட்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டோம். இந்தத் தடவை பதினேழு வீடு. அன்று பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவரும் சேர்ந்திருக்கிறார். சுரை, பீர்க்கை, வெள்ளரி போடப்போகிறார்.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருப் பையன் பாஸ்டன் வருகிறான். அவனிடம் மோர் மிளகாயும் சுண்டை வத்தலும் கொஞ்சம் அதலைக்காய் வத்தலும் கொடுத்து அனுப்புகிறாள் அம்மா. பணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று பார்த்து, கட்டியதும் எனக்கு ஒரு வரி எழுது.

பேரனுக்கு முத்தம்.

அப்பா