ஒரு காசுக்கு ஏலம் கேட்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

வணக்கம். நாடகம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வாடகைக்கு எடுத்த விளக்குகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உடுப்புகளைத் துவைத்து மடித்தாயிற்று. கணக்கும் பார்த்தாயிற்று. இந்த மடல்தான் பாக்கி. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப்பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள், அதனால் யாருடைய பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் நாடகத்தில் அமெரிக்கப் பெண்களின் கூடைப்பந்து எதற்கு என்று ஒத்திகைக் காலம் முழுக்கக் கேட்டார்கள். ஒருவருக்கும் நான் முழுசாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். 1998இல் எனக்கு வயது பதினைந்து. ஆசிய நிதி நெருக்கடியில் அப்பாவுக்குக் கப்பல் பட்டறை வேலை போயிற்று. நான் பள்ளி வலைப்பந்து (நெட்பால்) அணியில் இருந்தேன். காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "இந்த வருசம் வேணாம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா. நான் அணியிலிருந்து விலகினேன். அடுத்த வருடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணனின் காற்பந்து மட்டும் நிற்கவில்லை. அம்மாமீது எனக்குக் கோபமில்லை. எந்தச் செலவை வெட்டலாம் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஆனாலும் கையில் காசு குறைந்தால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் ஆட்டம் என்பது எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதனால்தான் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக் கதை என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. 1929இல் பங்குச் சந்தை சரிந்த பிறகு அங்கே மக்காச்சோளத்துக்கு விலையே இல்லாமல் போனது. காசு கொடுத்து நிலக்கரி வாங்குவதைவிட விளைந்த சோளத்தை எரிப்பது மலிவு என்று அடுப்பில் சோளத்தைப் போட்டார்கள். வங்கிகள் மூடின. கடன் கட்ட முடியாத பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அந்த நிலைமையிலும் அந்தச் சிற்றூர்கள் தங்கள் பெண்களின் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 1920இலேயே அங்கே பெண்களுக்கு மாநிலப் போட்டி வந்துவிட்டது. போட்டி போட்டு ஆடுவது பெண்களின் உடம்புக்கும் குணத்துக்கும் ஆகாது என்று பெரிய கல்வியாளர்களே சொன்ன காலம் அது. 1925இல் பள்ளிகளின் சங்கம் பெண்கள் போட்டியிலிருந்து கையைக் கழுவப் பார்த்தது. அப்போது ஒரு சிற்றூர்ப் பள்ளி அதிகாரி எழுந்து, இதை நிறுத்த நினைத்தால் ரயில் வரும்போது தண்டவாளத்தின் நடுவில் நிற்பீர்கள் என்று எச்சரித்தாராம். கடைசியில் சிற்றூர்க்காரர்கள் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். நாடகத்தில் வரும் அணியும் ஊரும் என் கற்பனை. அந்த ரயில் வசனம் மட்டும் கற்பனையில்லை.

சரி, இனி நன்றி.

முதல் நன்றி எங்கள் வலைப்பந்துப் பயிற்றுநர் அக்காவுக்கு. அந்தக் கால ஐயோவா விதிகளை நான் தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். அணிக்கு ஆறு பேர், மூவர் பந்து போட, மூவர் தடுக்க. நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. இரண்டு முறைக்கு மேல் பந்தைத் தரையில் தட்டக் கூடாது. அக்கா வாசித்துவிட்டு, "இது நம்ம வலைப்பந்துக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கே!" என்றார். உண்மைதான். வலைப்பந்தே 1890களில் பெண்கள் கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்தில் பிறந்த ஆட்டம். ஐயோவாவில் அந்த ஆறு பேர் ஆட்டத்தை 1993 வரை ஆடியிருக்கிறார்கள். அக்கா பதினொரு சனிக்கிழமை தோ பாயோவில் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில், சம்பளமாக ஒரு வெள்ளிகூட வாங்காமல், நடிக்க வந்த பிள்ளைகளை விளையாடுகிறவர்களாக மாற்றினார். கோட்டின் ஓரத்தில் ஓட்டத்தை நிறுத்தி, கால் நடுங்க நின்று, தாண்டாமல் பந்தை மட்டும் அனுப்புவது எப்படி என்று அவர் சொல்லிக்கொடுத்த அந்த ஒன்றே எனக்கு ஒரு காட்சி முழுவதையும் தந்துவிட்டது.

எங்கள் நெட்டைப் பெண்ணிடம் அவர் பேசிய பேச்சுக்கும் நன்றி. பள்ளியில் உயரத்தைச் சொல்லிக் கேலி செய்ததால் கூனிக்கொண்டே நடந்த பிள்ளை அவள். ரொம்ப நெட்டையான வலைப்பந்து வீராங்கனை, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்கு ஆடியதையும், 2018இல் நம் சிங்கப்பூரிலேயே நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை வென்றதையும் அக்கா அவளுக்குச் சொன்னார், காணொளியும் போட்டுக் காட்டினார். அப்புறம் அவள் முதுகு நிமிர்ந்தது. மேடையில் நீங்கள் பார்த்த அந்த நடை அப்படி வந்ததுதான்.

உறுமி, தவில் வாசித்த தம்பிகளே, நீங்கள் இல்லாவிட்டால் இது நாடகமாகவே ஆகியிருக்காது. சின்ன அரங்கில் நிஜப் பந்தைத் தட்டினால் வசனம் காதில் விழவில்லை, பந்தும் முதல் வரிசைக்கு உருண்டுவிடுகிறது. என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, தைப்பூசக் களைப்புகூடப் போகாத நீங்கள், "பந்தை எடுத்துடுங்கக்கா, நாங்க தட்டுறோம்" என்றீர்கள். தவிலில் தொம், தொம், அதற்குப் பிறகு மௌனம். அந்த மௌனத்தில் பந்து கைமாற வேண்டும். யாராவது மறந்து மூன்றாம் அடி விழுந்தால் விசில். விதியை ஒரு வரிகூட விளக்காமல் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது புரிந்துவிட்டது. உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பிய அந்த முனகல், மரத்தரையில் காலணி இழுபடும் சத்தமாகவே கேட்டது. எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

தேக்கா சந்தை மேல்மாடியில் தைக்கும் அம்மாவுக்கு நன்றி. பாவாடைக்கு வெட்டி மிஞ்சிய சாட்டின் துணியில் பன்னிரண்டு பேருக்கு உடுப்புத் தைத்துத் தந்தார், நூல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். துவாசில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் இருக்கும் புதுக்கோட்டைத் தம்பிக்கும் நன்றி. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளை எங்களுக்குக் கொடுத்து, பழைய பலகைகளை இழைத்துப் பண்ணை வீட்டுத் திண்ணையும் வளையம் மாட்டும் கம்பமும் செய்தார். சாப்பாடு கொண்டுவந்த வீடுகள், ஒலிபெருக்கி இரவல் கொடுத்த கோயில்காரர்கள், சாவியோடு இரவு பத்தரை வரை காத்திருந்த சமூக மன்றக் காவலர் அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

ஜொகூர் தோட்டத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பாட்டிக்குத் தனியாக எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பஞ்சம் பிடிபடவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நடித்தார்கள். பாட்டி ஒருநாள் வந்து உட்கார்ந்து, தன் அம்மா சொன்னதைச் சொன்னார். "ரப்பர் வெல விழுந்திருச்சு, பால்மரம் வெட்ட ஆளு வேணாம்னுட்டாங்க. பக்கத்து லயத்துச் சனமெல்லாம் கப்பலேறி ஊருக்குப் போயிருச்சு. எங்கம்மா கூட்டாளிப் பொண்ணு போறப்ப தன்னோட அஞ்சாங்கல்லு அஞ்சையும் இவ கையில குடுத்துட்டுப் போனா." பாட்டி அழவில்லை, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து யாரும் சோகமாக நடிக்கவில்லை. ஊரைவிட்டுப் போகும் குடும்பத்துப் பெண் தன் அணிச் சட்டையை மடித்துத் தோழியிடம் கொடுக்கும் காட்சி பாட்டி தந்தது.

அடுத்தது பணம். அரங்கேற்றத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, செலவில் பெரும்பங்கை ஏற்பதாகச் சொல்லியிருந்த இடத்தில் ஆட்குறைப்பு நடந்தது, எங்களுக்கு வருவதாக இருந்த தொகையும் நின்றுபோனது. நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு நாடகத்தை நிறுத்திவிடலாம் என்று நான் முடிவே செய்துவிட்டேன். காலையில் அதைச் சொல்லத்தான் ஒத்திகைக்குப் போனேன்.

அன்று ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது ஏலக் காட்சி. 1930களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து விவசாயிகள் நிஜமாகச் செய்தது அது. கடனுக்காக ஒருவனுடைய மாடும் கலப்பையும் ஏலத்துக்கு வரும். அக்கம்பக்கத்தார் கூட்டமாக வந்து நின்று, மாட்டுக்கு ஐந்து காசு, கலப்பைக்கு ஒரு காசு என்று கேட்பார்கள். வெளியாள் யாரும் கூடக் கேட்க விடமாட்டார்கள். சில்லறைக்கு வாங்கி, எல்லாவற்றையும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பிள்ளைகளின் பெற்றோர்தான் அந்தக் கூட்டமாக நடித்தார்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் ஒரு அப்பா, டாக்சி ஓட்டுபவர், நாடகத்தில் வரும் அதே குரலில் "ஒரு காசு!" என்று கத்திவிட்டு, ஐம்பது வெள்ளித் தாளை மேசையில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். விஷயம் வெளியே பரவி, இரண்டு வாரத்தில் நூற்று முப்பத்தேழு பேர் கொடுத்தீர்கள். அதிகமாக வந்தது பத்து வெள்ளி, இருபது வெள்ளிதான். உயர்நிலை ஒன்றில் படிக்கும் ஒரு பிள்ளை, சில்லறையாக நான்கு வெள்ளி நாற்பது காசை உறையில் போட்டு "ஏலம்" என்று மேலே எழுதிக் கொடுத்தாள். ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் ஏறிய கடை விலையும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வீடுகளிலிருந்து வந்த காசு இது என்று எனக்குத் தெரியும்.

நடித்த பிள்ளைகளின் அம்மாக்களே, தேர்வு நெருங்கும்போதும் "போதும், வீட்டுக்கு வா" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது உங்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

என் அம்மா கடைசி நாள் காட்சிக்கு வந்திருந்தார். நிஜப் பந்து ஒரே ஒரு முறை மேடைக்கு வரும் அந்த இடத்தில் என் கையைப் பிடித்தார், விளக்கு எரிந்த பிறகுதான் விட்டார். நாங்கள் எதுவும் பேசவில்லை.

எல்லாச் செலவும் போக 612 வெள்ளி மிஞ்சியிருக்கிறது. உங்கள் காசு, அதனால் சொல்லிவிடுகிறேன்: வலைப்பந்தோ கூடைப்பந்தோ ஆடும் பெண் பிள்ளைகளுக்குக் காலணி வாங்க அதை ஒதுக்கியிருக்கிறோம். யாருக்குத் தேவை என்று பயிற்றுநர் அக்காவிடம் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். முதல் ஜோடி போன சனிக்கிழமை வாங்கியாயிற்று. அளவு 37, வெள்ளை நிறம், ஓரத்தில் நீலக் கோடு.

மிகுந்த நன்றியுடன்,
நாடகத்தை எழுதி இயக்கியவள்