பாஸ்டன் போகிறவர்கள் இந்தக் கண்ணாடிப் பூக்களை விட்டுவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் எங்கெல்லாம் போய்வரலாம் என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். நயாகரா, சுதந்திர தேவி சிலை, வெள்ளை மாளிகை, அப்புறம் வழக்கமான கோயில்கள். பாஸ்டனை ஒட்டியிருக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு வரி. ஜான் ஹார்வர்டு சிலையின் காலைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாமாம். அங்கிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை உங்கள் கட்டுரையாளர் எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் பார்த்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத ஆசை.

ஹார்வர்டின் தாவர, விலங்கு ஆராய்ச்சிக்கூடங்களை ஒட்டியே இருக்கிறது இந்த அருங்காட்சியகம். பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்தாவரங்கள் இருக்கின்றன. ஆனால் அவை ஆராய்ச்சியாளர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்காக இங்கே ஒரு கூடம் நிறையக் கண்ணாடிச் செடிகளை வைத்திருக்கிறார்கள். இலை, தண்டு, வேர், மகரந்தம் எல்லாமே கண்ணாடி. ஏறக்குறைய 780 தாவர வகைகள், 4,300 மாதிரிகள்.

எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்கலாம். ஹெர்பேரியம் தயாரிக்கச் சொல்லி மாணவர்களைப் பாடாய்ப் படுத்தியவள் நான். செம்பருத்தியைப் பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்தினால் என்ன மிஞ்சும் என்பது தெரியும். நிறம் போய்விடும், பூ தட்டையாகிவிடும். மெழுகிலும் காகிதக் கூழிலும் செய்த மாதிரிகளோ கரடுமுரடாக இருக்கும். ஹார்வர்டு தாவரவியல் அருங்காட்சியகத்தை உருவாக்கிய பேராசிரியர் ஜார்ஜ் லிங்கன் குடேலுக்கும் இதே தலைவலிதான். ஜெல்லி மீன், கடல் சாமந்தி போன்ற கடல் உயிர்களைக் கண்ணாடியில் செய்துகொடுத்த லியோபோல்டு பிளாஷ்கா, அவர் மகன் ருடால்ஃப் ஆகியோரைத் தேடி குடேல் 1886இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே இருந்த அவர்கள் வீட்டுக்கே போனார். கடல் உயிர்களிலேயே நல்ல வருமானம் வந்துகொண்டிருந்ததால் அப்பாவும் பிள்ளையும் முதலில் பிடி கொடுக்கவில்லை. கெஞ்சிக் கேட்டபிறகு சில மாதிரிகளை மட்டும் செய்து அனுப்பினார்கள். அவையும் அமெரிக்கச் சுங்கத்துறையின் சோதனையில் உடைந்துபோயின! உடைந்த துண்டுகளைப் பார்த்தே ஹார்வர்டுக்காரர்கள் அசந்துவிட்டார்கள் என்றால் முழுசாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குடேலின் பழைய மாணவி மேரி லீ வேரும் அவர் தாயார் எலிசபெத் வேரும் பணம் கொடுத்தார்கள். 1890இல் ஆண்டுக்கு 8,800 மார்க் (ஜெர்மன் பணம்) என்று பத்து வருட ஒப்பந்தம். செடிகளை நேரில் பார்த்து வரைந்துவர ருடால்ஃப் ஜமைக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். 1895இல் அவர் வெளிநாட்டில் இருந்த நேரத்தில் தகப்பனார் காலமானார். அதற்குப் பிறகு நாற்பது வருடம், 1936 வரை, மகன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தார். ஏதோ ரகசிய இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் பேச்சு இருந்ததாம். விளக்குச் சுடர், காலால் மிதிக்கும் துருத்தி, இடுக்கி, கண்ணாடிக் குச்சிகள், உள்ளே தாங்குவதற்குக் கம்பி, அவ்வளவுதான் கருவிகள். ருடால்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை, சீடர்களும் இல்லை. தொழில் அவரோடு நின்றது.

உள்ளே போனதும் எல்லோரும் பெரிய பூக்களிடம்தான் ஓடுகிறார்கள். என் மகளும் அப்படித்தான், படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்ல வருவது இதுதான்: பூவைப் பார்த்த கையோடு அதன் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். பல மடங்கு பெரிதாக்கிய மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம், உள்ளே வரிசையாகச் சூல்கள். கரும்பலகையில் வட்டம் போட்டு, அறை பிரித்து, புள்ளி வைத்து நான் நடத்திய பாடமெல்லாம் அங்கே கண்ணாடியாக நிற்கிறது. வகுப்பறைக்கென்று செய்த பொருள் அது. அழகுக்காக மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

முந்திரியும் இருக்கிறது. பண்ருட்டிக்காரி விடுவேனா? நரம்போடிய இலையும், பழமும், பழத்தின் நுனியில் தொங்கும் கொட்டையும் அப்படியே எங்கள் ஊர்த் தோப்பு. பழம் என்று நாம் சப்புவது வீங்கிய காம்பு, கொட்டைதான் உண்மையான கனி என்று எத்தனை வருடம் தொண்டை வறளச் சொல்லியிருப்பேன்! இந்த மாதிரியில் காம்பு எங்கே முடிகிறது, கனி எங்கே தொடங்குகிறது என்று குழந்தைக்கும் விரல் வைத்துக் காட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால் சிரிப்பீர்கள். நோய் பிடித்த பழங்கள். 1924 முதல் 1932 வரை ருடால்ஃப் இவற்றைச் செய்தார். ஸ்ட்ராபெரிமேல் படர்ந்த சாம்பல் பூஞ்சை, இலைச்சுருள் நோய் கண்ட பீச், இப்படி. எழுபதை நெருங்கிய மனிதர் அழகான மலர்களைச் செய்து பேர் வாங்கிய பிறகு, அழுகலையும் அதே அக்கறையோடு செய்திருக்கிறார். பூஞ்சையின் மெல்லிய இழைகளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் நம்பினேன். பூச்சி, நோய் என்று அல்லாடும் நம் விவசாயிகள் பார்த்தால் ஒரு நிமிடத்தில் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

குறை ஒன்று உண்டு. வெளிச்சம் மங்கல். பழைய பொருள், அதனால் அப்படி வைத்திருப்பார்கள், சரி. ஆனால் என் வயதுக்காரர்கள் பெயர்ச்சீட்டைப் படிக்கக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது.

பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பெட்டிகள்மேல் அவர்களைச் சாயவிட வேண்டாம். இந்த மாதிரிகளுக்கு அதிர்வே ஆகாது. 1976இல் சிலவற்றை நியூயார்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, குலுங்காமல் போகும் வண்டி என்று சவ ஊர்தியைப் பிடித்தார்களாம். பாஸ்டன் மெட்ரோவின் ரெட் லைன் ரயிலில் ஹார்வர்டு ஸ்கொயரில் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். அதே சீட்டில் பக்கத்திலேயே உள்ள பீபாடி என்ற மானுடவியல் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். நேரத்தையும் கட்டணத்தையும் பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலை மறுபடி வெளியிடும்போது இதற்கு இரண்டு வரியாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
பண்ருட்டி.