நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை

பாப்பாவுக்கு,

இனிமேல் உன்னைப் பாப்பா என்று கூப்பிடக் கூடாது என்கிறான் தம்பி. நிஜமாகவே ஒரு பாப்பா வந்துவிட்டதாம். பழகிய வாய், மாற நாளாகும்.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சொட்டு மருந்துக்கு நேரமாச்சு என்று என்னை விரட்டுகிறார். மாடி ரூம் விவகாரம் அப்படியேதான் கிடக்கிறது. அதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

இரவு 2 மணிக்குப் பால் கொடுக்கிறாயா?

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை "பால் போதுமா?" என்று கேட்டதும் உன் முகம் போன போக்கைப் பார்த்தபிறகு எனக்கு வாய் வரவில்லை. கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாய். குழந்தை அழுவது மட்டும் கேட்டது. "இவளும் என்னை மாதிரிதான் போல, மூஞ்சியைத் திருப்பிக்கிறா" என்று சொல்லி வைத்துவிட்டாய். நாலு நாளாக அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடுகிறது.

மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பிறந்தபோது 2.9 கிலோ, 15ஆம் நாள் 2.84 என்றார். டாக்டர் தினம் நாலு தடவை பவுடர் பால் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ஸ்கூலில் கை உடைந்ததையே இரண்டு நாள் மறைத்தவள்தானே நீ.

முதல் சில நாளில் அநேகமாக எல்லாக் குழந்தையும் கொஞ்சம் எடை குறையும். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இவள் 60 கிராம் பின்தங்கியிருக்கிறாள். கவனிக்க வேண்டியதுதான், குடி முழுகிப்போகவில்லை. டாக்டர் சொன்ன பவுடரை ரோஷத்தில் நிறுத்திவிடாதே. குழந்தை பசியோடு இருந்தால் உறிஞ்சவும் தெம்பு இருக்காது. ஆனால் ஒவ்வொரு புட்டிக்கும் ஈடாக நீ பம்ப் வைத்துப் பாலை எடுத்தே ஆக வேண்டும். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். அதற்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. தம்பி பிறந்தபோது ஒரு நர்ஸம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம். மார்பு நிறையட்டும் என்று காத்திருக்காதே என்பார். நிறைந்து நிற்கிற மார்பு, போதும், சுரப்பைக் குறை என்றுதான் உடம்புக்குச் சொல்லும். காலியானால்தான் வேகமாக ஊறும். இறைக்கிற கிணறு கதைதான். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, குழந்தையோ பம்போ, எடுத்தாக வேண்டும். பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அதனால் 2 மணிப் பாலை விடாதே. பகலில் குழந்தை தூங்கும்போது நீயும் படு. பாத்திரம் கிடக்கட்டும்.

அடுத்தது, வாய் பிடிக்கிற விதம். நான் முதலில் என்ன செய்தேன் என்றால், காம்பை எடுத்து வாய்க்குள் திணித்தேன். நர்ஸம்மா என் கையைத் தட்டிவிட்டார். காம்பைக் குழந்தையின் மூக்குக்கு நேராகக் காட்டு, மேலுதட்டில் பட்டும் படாமல் தடவு, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறு. திறந்த அந்த நொடியில் குழந்தையை உன் பக்கம் இழுத்துக்கொள், நீ குனியாதே. மோவாய் மார்பில் அழுந்தி, கீழுதடு வெளியே மடிந்து, கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரிந்தால் சரி. சுருக்கென்று வலித்துக்கொண்டே இருந்தால் சரியில்லை. சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி வை. பத்துத் தடவையானாலும் மறுபடி வை. நீ பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுப்பவள், அதனால்தான் சொல்கிறேன். பொறுக்காதே.

குடிக்கிறாளா, சும்மா சப்புகிறாளா என்பது தாடையில் தெரியும். தாடை இறங்கி, ஒரு கணம் நின்று, 'க்' என்று மெல்லிசாக விழுங்கும் சத்தம் வரும். அது நின்று கண் சொருகினால் மார்பைக் கையால் இதமாக அழுத்திப் பிடி, மறுபடி விழுங்குவாள். அப்புறம் அடுத்த பக்கம். கொடுத்து முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிஷம் பம்ப். தினம் ஏதாவது ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடிந்தால் 20 நிமிஷம் பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப் என்று செய்து பார். முதல் சில நாள் ஒன்றுமே வராமல் போகலாம், அதற்காக விட்டுவிடாதே. பம்ப் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக் கோட்டையே பார்த்துக்கொண்டு அழாதே. குழந்தை உறிஞ்சுவதுபோல எந்த மெஷினும் உறிஞ்சாது. டயப்பரை எண்ணு. ஒரு நாளைக்கு ஆறு ஈரம், மஞ்சளாக மலம், ஏறுகிற எடை, இதுதான் கணக்கு. ஈரம் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருக்காதே. உடனே தூக்கிக்கொண்டு போ.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

"மூணாவது வாரமே அம்மா பால் வேண்டாம்னு மூஞ்சியைத் திருப்பினவ, அப்பவே பிடிவாதம்" என்று உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்றுகூடச் சொன்னேன். 32 வருஷமாகச் சொல்கிறேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் நீ சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிவரை விட்டு விட்டுக் குடிப்பாய். அழுவாய், மறுபடி குடிப்பாய். பால் கட்டிக் கல்லாக இருந்த மார்பும் தளர்ந்துபோனது. வற்றிவிட்டது என்று நினைத்துவிட்டேன். அந்த வயதில் குழந்தைகள் சாயங்காலம் அப்படித்தான் சேர்த்துச் சேர்த்துக் குடிக்கும், தேவை எவ்வளவு என்று உடம்புக்குப் பிடிபடப் பிடிபட மார்பும் தளரும் என்பதெல்லாம் தம்பிக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரிய அத்தைதான் டின்னை வாங்க வைத்தாள் என்று இன்றுவரை பழியை அவள்மேல் போட்டு வைத்திருக்கிறேன். அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அப்பாவைக் கடைக்கு அனுப்பியது நான்.

அன்று இரவு அப்பா புட்டியில் கொடுத்தார். நீ நாலு மணி நேரம் தூங்கினாய். நான் ஆறு மணி நேரம் தூங்கினேன். விடிந்தபோது ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது, கையைத் தூக்க முடியாத வலி. பால் இருந்தது, பாப்பா. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் அடுத்த இரவும் புட்டியே கொடுங்கள் என்றேன். தூக்கம் அவ்வளவு இனித்தது. பிழிந்து எடுக்கவும் இல்லை. பத்து நாளில் வலியும் போனது, பாலும் போனது. புட்டியில் மடமடவென்று வந்து பழகிய நீ என்னிடம் வந்தால் நெளிந்து அழுதாய். அதற்குத்தான் பிடிவாதம் என்று பெயர் வைத்தேன்.

அதனால் உன்னிடமிருந்து இவளுக்கு எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. புட்டியை அப்பா மாதிரி கவிழ்த்துப் பிடிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். குழந்தையை நிமிர்த்தி வைத்து, புட்டியைக் கிடையாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கொடுக்கட்டும். மற்ற நேரமெல்லாம் சட்டையில்லாமல் அவளை உன் நெஞ்சோடு போட்டுக்கொள். அழுது களைத்தபிறகு மார்பில் வைக்காதே, கையை வாய்க்குக் கொண்டுபோகிறபோதே வை.

இன்னொன்று. பிரசவத்தில் உனக்கு ரத்தம் நிறையப் போனதை டாக்டருக்கு மறுபடி ஞாபகப்படுத்து. அதனாலும் பால் தாமதமாகும். தைராய்டும் பார்க்கச் சொல். சுரப்புக்கு மாத்திரை என்று யாராவது கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதே. இத்தனையும் செய்து பாதிப் பால்தான் வந்தது என்றால், அந்தப் பாதியைக் கொடு, மீதிக்கு டின் இருக்கிறது. நீ டின்னில் வளர்ந்தவள்தான். உன் சர்டிபிகேட் ஃபைலை அப்பா இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

பச்சை உடம்புக்காரியிடம் இதையெல்லாம் இப்போது சொல்ல வேண்டுமா என்று இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

வெள்ளிக்கிழமை எடை பார்க்கப் போகிறீர்களாம். பேசப் பிடிக்காவிட்டால் எண்ணை மட்டும் மெசேஜில் போடு. போதுமா என்று கேட்க மாட்டேன். 2 மணிக்கு அலாரம் வைத்துக்கொள். நானும் இங்கே வைத்திருக்கிறேன், தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காவிட்டால் கூப்பிடு.

அம்மா