செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் நம் தெருச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். பழுதான கேமரா மாற்றப்பட்டது. மாதக் கூட்டம் பன்னிரண்டில் ஏழுதான் நடந்தது. மற்ற ஐந்துக்கும் போதுமான ஆள் வரவில்லை.

அப்புறம், கிணறு. சங்கப் பணத்தைச் செயலாளர் கிணற்றில் போட்டுவிட்டார் என்று வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னை மேடவாக்கத்தில் நம் தெரு இருக்கும் இடம் நெல் விளைந்த நிலம். 2000இல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது. 2008இல் பழைய மாமல்லபுரம் சாலை ஆறுவழியானது. கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகை வீடு வேண்டியிருந்தது. வயல் மனையாயிற்று, மனை மூன்று மாடியாயிற்று. அந்த வயலுக்கு இறைத்த கிணறுதான் தெருக்கோடியில் இருப்பது. அதை மூடிவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று தீர்மானம் வந்தபோது எதிர்த்தவன் நான். இன்றும் அதில் மாற்றமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். அடுத்த மே மாதம் அதே தெருவில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணை சதுப்புநிலம், 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெறுவதற்குள்ளேயே பெரும்பகுதி சுருங்கிவிட்டது. அதை நாம் மீட்க முடியாது. நம் மொட்டைமாடித் தண்ணீரையாவது இந்தக் கிணறு வழியாக நிலத்துக்குள் விடலாம். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, மாடிக்குழாய் எங்கே போய் முடிகிறது என்று பல வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை.

ஜூலையில் கிணற்றைத் தூர் வாரினோம். வேலைக்கு வந்த நால்வரில் இருவர் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். கூவம் கரையிலிருந்து அங்கே மாற்றப்பட்டவர்கள். இறங்குவதற்கு முன் வாளியில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கயிற்றில் விட்டுப் பார்த்தார்கள். பாதியிலேயே அணைந்துவிட்டது; உள்ளே பிராணவாயு குறைவு. அன்று யாரையும் இறங்க விடவில்லை. மறுநாள் ஊதுகுழாய் வைத்து நாலு மணி நேரம் காற்று அடித்த பிறகுதான் இறங்கினார்கள். பாட்டில், டயர், பிளாஸ்டிக் என்று மூன்று டிராக்டர் குப்பை வெளியே வந்தது. ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டித் தொட்டி கட்டி, 14 வீடுகளின் மாடிக்குழாய்களை அதில் இணைத்தோம். உள்சுவரில் மேலிருந்து கீழாக அடிக்கணக்குக்குச் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டேன். அக்டோபர் நடுவில் பெய்த மழையில், 22ஆம் கோட்டில் கிடந்த தண்ணீர் 9ஆம் கோட்டைத் தொட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்த மே மாதம் கிணற்றடியில் உள்ள ஆறு வீடுகள் லாரித் தண்ணீர் வாங்கவில்லை.

சரி, சந்தா. மாதம் 200 ரூபாய். 31 வீடுகள் பாக்கி. சிலருடையது மூன்று வருடப் பாக்கி. பெரும்பாலும் வீட்டை வாடகைக்கு விட்டு வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள். மனை விலை ஏறியதில் லாபம் அவர்களுக்கு. ஆனால் கிணற்றடியில் கூடை தூக்கியவர்கள் அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள். வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் ஜல்லி அள்ளினார். நம் விதிப்படி அவர் உறுப்பினராக முடியாது. வீட்டுக்காரருக்கு ஓட்டு இருக்கிறது; அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இந்த விதியை மாற்ற வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சந்தாவில் வந்தது காவலாளி சம்பளத்துக்கே போயிற்று. கிணற்றுச் செலவில் பெரும்பகுதி நன்கொடை. கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு.

தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்கொடையாளர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

ஆறு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், வராவிட்டால் தொடர்வேன். வடகிழக்குப் பருவமழைக்குள் இன்னும் 20 மாடிகளை இணைக்க வேண்டும். பாக்கிச் சந்தா வந்தாலே அந்தக் குழாய்ச் செலவுக்குப் போதும். வடிகட்டித் தொட்டியை செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு காலை ஆறரைக்குச் சுத்தம் செய்கிறோம். மண்வெட்டி ஐந்து என் வீட்டில் இருக்கிறது. கூடை மட்டும் கொண்டு வாருங்கள்.

செயலாளர்