பாத்தேக் குடியிருப்புக்குப் போகும்முன் முகவரிடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே கோவில் இளைஞர் பகுதிகளும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யத் தொடங்கிவிடுகின்றன. தெம்பெலிங் ஆற்றில் படகு, மழைக்காட்டு நடை, பிறகு பாத்தேக் பூர்வகுடியினரின் குடியிருப்பில் ஒரு மணி நேரம் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து முகவர்கள் விற்கிறார்கள். படகைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் துருவித் துருவி விசாரிக்கும் நம்மவர்கள், அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் எதுவும் கேட்பதில்லை. இக்கடிதம் முக்கியமாக அதற்காகத்தான்.

முதலில் உடல்நலம். கிளந்தான் குவா மூசாங் வட்டாரத்தில், தாமான் நெகாராவின் ஒரு வாயிலாக இருக்கும் குவாலா கோ என்ற இடத்தில், 2019-ஆம் ஆண்டு பாத்தேக் மக்கள் அடுத்தடுத்து மாண்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அங்கே பரவியது தட்டம்மை என்று ஜூன் மாதத்தில் சுகாதார அமைச்சு அறிவித்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் நெருக்கிக்கொண்டிருக்கும் சிறு குடியிருப்பு அது. எல்லாரும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை, பல பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்தும் போதவில்லை. அந்த நிலையில் ஒரு கிருமி நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது.

தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும். பிள்ளைக்கு லேசான காய்ச்சல்தானே, மாத்திரை கொடுத்தாயிற்றே என்று கூட்டிக்கொண்டு போவது இதனால்தான் ஆபத்து. கடந்த இரண்டு வாரத்தில் குழுவில் யாருக்காவது காய்ச்சல், இருமல், உடம்பில் தடிப்பு இருந்ததா என்று கிளம்பும்முன்பே கேளுங்கள். இருந்திருந்தால் அவர்கள் படகுக்கும் நடைக்கும் வரலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும், குடியிருப்புக்கு மட்டும் வேண்டாம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வருவோர் போவோரை நிறுத்தி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதே கட்டுப்பாட்டை அடுத்தவர் வாசலுக்குப் போகும்போதும் நாம் காக்க வேண்டும்.

அடுத்தது, மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகும் பழைய துணியும் மிட்டாயும். நல்ல மனத்தோடு செய்வதுதான், ஆனால் செய்யாதீர்கள். பாத்தேக் மக்களிடம் உணவைப் பகிர்வது விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல, கடமை. வேட்டையில் கிடைத்ததும் கிழங்கு தோண்டி வந்ததும் குடியிருப்பு முழுவதற்கும் பங்காகும். நீங்கள் ஓடி வருகிற நாலு பிள்ளைகளுக்கு மட்டும் மிட்டாய் கொடுத்தால் கொடுக்கப்படாத பிள்ளையும் இருக்கும், மறைத்து வைக்கிற பிள்ளையும் இருக்கும். அந்த ஒழுங்கில் கீறல் விழுவது அங்கேதான். அளவு பொருந்தாத துணி மழையில் ஊறி மட்கிக் கிடக்கிறது, மிட்டாய்த் தாள் ஆற்றுக்குப் போகிறது. ஏதாவது தரத்தான் வேண்டுமென்றால் என்ன வேண்டும் என்று வழிகாட்டி மூலம் முன்னதாகவே கேட்டு, அரிசி போல எல்லாருக்கும் பங்கிடக்கூடிய அளவில், பெரியவர்கள் கையில் கொடுங்கள். பொருள் வழங்கும் நிகழ்ச்சியாகச் செய்ய நினைக்கும் சங்கங்கள் பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜக்கோவாவிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

குடியிருப்பில் பொதுவாக இரண்டு காரியங்கள் செய்து காட்டுவார்கள். ஒன்று தீ உண்டாக்குவது. காய்ந்த மென்மரத் துண்டைப் பிளந்து, பிளவில் நார்த்தூளை வைத்து, அடியில் பிரம்புக் கீற்றைக் கொடுத்து, காலால் மரத்தை அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் கீற்றை மாறி மாறி வேகமாக இழுப்பார்கள். உராயும் இடம் கருகி, புகை கிளம்பி, தூளில் பொறி பிடித்ததும் ஊதி எடுப்பார்கள். மழை நாளில் நார் ஈரமாக இருந்தால் நேரம் பிடிக்கும், சில சமயம் பிடிக்காமலும் போகும். அப்போது லைட்டரை எடுத்து நீட்டிச் சிரிக்கிற ஆட்கள் உண்டு. பார்க்கச் சகிக்காத செயல்.

மற்றது ஊதுகுழல். கணு இடைவெளி நீண்ட மூங்கிலில் செய்த ஒரு குழலுக்குள் இன்னொரு குழல் பொருந்தியிருக்கும். ஆள் உயரத்துக்கும் அதிகம். அம்பு பனை இனத்து ஓலை நரம்பைச் சீவியது, பின்புறம் காற்றை அடைக்கும் இலேசான தக்கை இருக்கும். விருந்தினர் ஊதுவதற்கு நஞ்சு தடவாத அம்பைத் தருவார்கள். ஆனால் பக்கத்தில் கிடக்கும் அம்புக்கூட்டைப் பிள்ளைகள் தொடக் கூடாது. ஈப்போ மரத்துப் பாலில் காய்ச்சிய நஞ்சு இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. குழலை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுப்பதும் பலர் செய்கிற தவறு. மூச்சை முதலில் நிரப்பிக்கொண்ட பிறகுதான் குழலில் வாய் வைக்க வேண்டும்.

விலங்குகளைக் கேலி செய்து சிரிப்பது அவர்களிடம் பெரிய தடை. குரங்கு மட்டுமல்ல, அட்டையும் பட்டாம்பூச்சியும்கூட அதில் அடங்கும். அப்படிச் சிரித்தால் இடியும் புயலும் வரும் என்பது நம்பிக்கை. காலில் அட்டை ஏறியதும் கத்திக் கூத்தடிக்கும் வழக்கத்தைக் குடியிருப்புக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். படம் எடுக்கும்முன் கேளுங்கள். தலை அசைப்பது சம்மதமா, சங்கடமா என்பது வழிகாட்டிக்குத் தெரியும். குளிக்கும் பிள்ளைகளையும் பாலூட்டும் தாய்மாரையும் கேட்டுக்கூட எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாத்தேக் குடியிருப்பு ஓரிடத்திலேயே நிற்பதில்லை. பிரம்போ அகிலோ தேடிப் போகலாம், இறப்பு நேர்ந்தால் இடத்தை விட்டே போய்விடுவார்கள். நீங்கள் போகும் நாளில் ஓலைச் சாய்ப்புகள் மட்டும் காலியாக இருந்தால் வழிகாட்டியை நச்சரித்துத் தேட வைக்காதீர்கள்.

ஆற்றைப் பற்றியும் சில வார்த்தை. குவாலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து பூங்காவின் வாயிலான குவாலா தஹான் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நீரோட்டத்துக்கு எதிராகப் படகில் போக இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுவதை அமைப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். 2014 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே சுற்றுப்பயணிகள் சிக்கி, ஹெலிகாப்டரில் மீட்கப்பட வேண்டியிருந்தது. மார்ச் முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்வதே எங்கள் யோசனை. அதிலும் வெயில் நீடித்தால் ஆறு வற்றி, இஞ்சின் விசிறி கல்லில் அடிபடும். சிறிய இஞ்சின்களில் விசிறியைக் காக்க ஒரு மெல்லிய ஊசி இருக்கும், அடி பட்டதும் அதுதான் முதலில் முறியும். மாற்று ஊசி படகில் இல்லையென்றால் சுழிப்பு நடுவில் படகு கட்டுப்பாடில்லாமல் திரும்பிவிடும். இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் பூட்டுங்கள். எல்லாரும் ஏறிய பிறகு படகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லையென்றால் இரண்டு பேரை இறக்கி அடுத்த படகில் ஏற்றச் சொல்லுங்கள்.

லாத்தா பெர்கோ சிற்றருவி போன்ற இடங்களில் குளிக்கும்போது தலைக்கு மேலே வெயில் அடிக்கலாம், மேல்மலையில் மழை கொட்டலாம். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கும்பலாக மிதந்து வந்தாலோ, தூரத்தில் இரைச்சல் கேட்டாலோ 'கெப்பாலா ஆயிர்' எனும் திடீர் வெள்ளம் வருகிறது என்று பொருள். துணி, செருப்பு, கைப்பேசி எதையும் எடுக்க நிற்காமல் கரையில் உயரமான பக்கம் ஏறுங்கள்.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதையும் ஆற்றில் குளித்ததையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் மலேரியாவும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். சொல்லாவிட்டால் அந்த இரத்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் தோன்றாது.

இவ்வளவும் எழுதுவதால் குடியிருப்புக்கே போகாதீர்கள் என்று சொல்வதாக எண்ண வேண்டாம். காட்டில் அகில் அருகிவிட்ட நிலையில் வருகையாளர் பணம் பல குடும்பங்களுக்கு அரிசிக் காசு. அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகிறதா என்பதே கேள்வி. முன்பணம் கட்டும்முன் முகவரிடம் கேளுங்கள்: குடியிருப்பில் யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள், எங்கள் கட்டணத்தில் அவர்களுக்கு எத்தனை வெள்ளி, அதை யார் கையில், எப்போது கொடுக்கிறீர்கள்? நேராகப் பதில் சொல்கிற முகவர்கள் இருக்கிறார்கள். மழுப்புகிறவரிடம் போக வேண்டாம். ஒரு முறைக்குப் பத்துப் பேருக்கு மேல் உள்ளே நுழையாதபடி, 40 பேர் கொண்ட பேருந்துக் குழுவைப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். இன்று வேண்டாம் என்று குடியிருப்பு சொன்னால் படகு திரும்பிவிடும், அந்தப் பகுதிக் கட்டணம் கழிக்கப்படும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
மழைக்காட்டுப் பயண வழிகாட்டிகள் சிலர்,
ஜெராண்டுட், பகாங்.