பள்ளியைப் பூட்டினால் பிள்ளையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுத்த பெருந்தொற்று வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாம் இருந்தது, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 20 முதல் 31 வரை மட்டும், காப்பாற்றுங்கள் என்று 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நாடு முழுவதிலிருந்தும் 92,000-க்கு மேல் அழைப்புகள் வந்தன. இது போன் கிடைத்தவர்கள் கணக்கு. வீட்டில் இருக்கிற ஒரே போன் அடிக்கிற ஆளின் சட்டைப் பையில் இருந்தால் அந்தப் பிள்ளை எதில் கூப்பிடும்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். குழந்தைகளுக்கு எதிரான குற்ற வழக்குகள் 2019இல் 1,48,185, 2020இல் 1,28,531, அப்புறம் 2021இல் 1,49,404. பிள்ளைகள் வீட்டோடு இருந்ததால் பத்திரமாக இருந்தார்கள் என்று இதை வைத்து யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் போக்சோ, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்ட வழக்குகளில் 100க்கு 90க்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்த ஆள்தான், சொந்தக்காரரோ அக்கம்பக்கத்தவரோ. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் புகார் குறைந்தது என்றே நினைக்கிறேன்.

அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். திங்கட்கிழமை சத்துணவில் இரண்டாம் தடவை சோறு கேட்கிற பிள்ளை, சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொள்கிற பிள்ளை, திடீரென்று பேச்சை நிறுத்திவிடும் பெண் பிள்ளை, இதையெல்லாம் முதலில் கவனிப்பது டீச்சரோ, சத்துணவு அக்காவோ, அங்கன்வாடிப் பணியாளரோதான். அந்த இடத்தை 2020 மார்ச்சில் பூட்டினோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. டாஸ்மாக்கோ 2020 மே மாதமே பெரும்பாலான ஊர்களில் திறந்தாயிற்று. வேலை போய், கையில் காசில்லாமல், குடித்துவிட்டு வருகிற அப்பாவோடு ஒரே அறையில் பிள்ளைகள் ஒன்றரை வருடத்துக்கும் மேல் இருந்தார்கள்.

அரிசியும் பருப்பும் முட்டையும் கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தோம், நல்ல காரியம். ஆனால் எங்கள் பள்ளியில் அதை வாங்க வந்தது பெற்றோர். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள், அதோடு சரி. பள்ளி திறந்தபோது, ஆறாம் வகுப்பில் விட்டுப்போனவர்கள் எட்டாம் வகுப்பாகியிருந்தார்கள். வராதவர்களைத் தேடிப்போனால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது, இரண்டு பையன்கள் செங்கல் சூளையில். எல்லாப் பெற்றோரையும் குற்றவாளியாக்க நான் வரவில்லை. அடுப்பெரிய வழியில்லாமல் பையனைச் சூளைக்கு அனுப்பிய அம்மா என்னிடம் அழுததையும் பார்த்தவள் நான்.

இன்னொன்று. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்குத் தமிழக அரசு ஐந்து லட்சம் வைப்புத்தொகை அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் சாகாமல், தொற்றோடு வார்டில் கிடந்த அம்மாவின் பிள்ளைகளை அந்த நாட்களில் யார் பார்த்துக்கொண்டார்கள், எந்த வீட்டில் விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். சென்னையில் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். கதவு வரை போனவர்கள், 'வீட்டில் எத்தனை பிள்ளைகள், கொஞ்சம் கூப்பிடுங்கள்' என்று கேட்டு முகத்தைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன கஷ்டம்? பாடம் சொல்லிக்கொடுக்க அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து பிள்ளைகளைச் சந்தித்தார்களே, அதை 2021 அக்டோபர் வரை ஏன் தள்ளிப்போட்டோம்?

அடுத்த முறை ஊரடங்கு ஆணை போடும்போதே இதையும் எழுதட்டும்: உலர் ரேஷன் பிள்ளையின் கையில்தான், 15 நாளுக்கு ஒருமுறை ஒரு ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பிள்ளையை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், சந்தேகம் வந்தால் அன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போக வேண்டும். கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. அதில் யார் யார் என்று ஒவ்வொரு ஊராட்சியும் பெயரையும் போன் எண்ணையும் இப்போதே பலகையில் எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.